வந்துட்டேன் என்றால் வந்தாச்சா?

போன வாரம் தங்கையை எங்கே விட்டோம்? குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால், பல் துலக்கும் பிரஷ்ஷை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, வாய் நிறைய நுரையோடு பிரசங்கத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள். வாயைக் கொப்பளிக்க விடுவோம்.

இன்று அவளுக்குச் சோதனைப் பிரசங்கம். சபையின் வயதான போதகர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு, இறையியல் படித்து முடித்த இவளை வைக்கலாமா வேண்டாமா என்று ஆராதனை முடிந்ததும் சபையார் கை தூக்கிச் சொல்லப்போகிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு கைகள் வேண்டும். எல்லோரும் இவளைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள்தான். ஞாயிறு பள்ளியில் இவள் மூக்கொழுக நின்றதைப் பார்த்தவர்கள் என்பதுதான் சிக்கலே.

அம்மா தையற்கடை வைத்திருப்பவள். மகளின் வெள்ளை அங்கிக்குக் கீழ்மடிப்பு அடித்து, பிரித்து, மறுபடி அடித்தாகிவிட்டது. அவளுக்குக் காலையிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சொருகாமலே அங்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுருக்கம் ஏன் போகமாட்டேன் என்கிறது என்று அங்கியைத் திட்டவும் செய்தாள்.

மகளின் பிரசங்கம் மட்டும் காரணமென்று நினைக்காதீர்கள். மகன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று வருடங்களுக்கு முன்பு இவர்களுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். சபையே முழங்காலில் நின்றது. ஒரு ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் அண்ணன் எழுந்து, “அப்பா பிழைச்சுட்டார், ஆண்டவர் என்கிட்ட சொல்லிட்டார்” என்றான். ஜன்னல் கண்ணாடி அதிர எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அந்த வாரமே அப்பா போய்விட்டார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது சபைச் செயலர் அவன் தோளில் கைவைத்து, உன் விசுவாசம் கொஞ்சம் போதவில்லை தம்பி என்றார். ஆறுதலாகத்தான் சொன்னாராம். அன்றைக்குப் போனவன் அண்ணன். அதன் பிறகு ஆலய வாசலை மிதிக்கவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை, தனி அறை, அம்மாவுக்கு வாரம் ஒரு போன் என்று இருந்துவிட்டான்.

செயலரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கெடுத்தாலும் “தீர்மானம் போட்டாச்சா?” என்று கேட்பதால் சபையில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் தீர்மானம். கெட்டவர் இல்லை. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அங்கியோடு தங்கை முன்னால் போய்விட, அம்மா ஆலய வாசலை அடைந்தபோது மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நன்றி சொல்ல வேண்டிய காரியம் எதுவானாலும் வாசலில் நிற்கும் செயலரின் காதில் சொல்ல வேண்டும். அவர் அதைப் போதகரின் காதில் சொல்வார், போதகர் சபைக்குச் சொல்வார்.

அம்மா போனைப் போட்டாள். எங்கடா இருக்கே என்று கேட்டாள்.

“இதோ வந்துட்டேம்மா.”

அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். வாயெல்லாம் பல். போனைக் காதிலிருந்து எடுக்காமலே செயலரிடம் திரும்பி, “என் பிள்ளை வந்துட்டான், ஸ்தோத்திரம் சொல்லணும்” என்றாள். செயலர் ஒரு சொல்லைக் கூட்டுபவரும் இல்லை, குறைப்பவரும் இல்லை. அப்படியே கொண்டுபோய்ப் போதகரின் காதில் போட்டார்.

அண்ணன் அந்த நேரம் எங்கே இருந்தான் தெரியுமா? தன் அறையில், சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு, இன்னொரு கையைத் தேடிக்கொண்டிருந்தான்.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் இதே கதைதான். கிளம்பாதவன்தான் வந்துட்டேன் என்பான். கிளம்பியவன் பக்கத்தில் வந்துட்டேன் என்பான். உண்மையிலேயே வந்தவன் ஒன்றும் சொல்லமாட்டான், கதவைத் தட்டுவான்.

பொத்தான் போட்டு முடிப்பதற்குள் மறுபடி போன் அடித்தது. இந்த முறை அலுவலகம். ஆலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மருத்துவர்களின் அறைகள் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் தனியாக. ஞாயிற்றுக்கிழமை முறை இவனுடையது, வேறு ஆள் கிடையாது. அண்ணன் கருவிப்பையை எடுத்துக்கொண்டு ஓடினான்.

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் பெட்டி நின்றிருந்தது. கதவில் வாயை வைத்து, பயப்படாதீங்க, வந்துட்டேன் என்று கத்தினான்.

உள்ளேயிருந்து அழுகையும் கோபமும் கலந்த குரல் வந்தது. “வந்துட்டோம் வந்துட்டோம்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. ஒருத்தரும் வரல.”

அண்ணனுக்கு அது எங்கேயோ சுருக்கென்று தைத்தது.  பிறகு சொன்னான்: “நான் மாடிக்கு மேல இருக்கிற மெஷின் ரூமுக்குப் போகணும். அங்கேயிருந்து என் சத்தம் உங்களுக்குக் கேக்காது. ஆனா பெட்டி அசைஞ்சா அது நான்தான்.”

சொல்லிவிட்டுப் படிகளில் ஏறினான். மெஷின் ரூமில் சிக்னல் இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஆலயத்தில் பாட்டு முடிந்தது. போதகர் எழுந்து, குழந்தை பிறந்தவர்களுக்கும் வேலை கிடைத்தவர்களுக்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  மூன்று வருடமாக நாம் காத்திருந்த நம் பிள்ளை இன்று நம் நடுவில் வந்துவிட்டான், எல்லோரும் எழுந்து நின்று கர்த்தருக்கு நன்றி சொல்லுவோம் என்றார்.

சபை எழுந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. டிரம்ஸ் வாசிப்பவர் யாரும் சொல்லாமலே தாளத்தை ஆரம்பித்துவிட்டார். இருநூறு தலைகள் ஒரே சமயத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தன.

வாசலில் யாரோ சாய்த்து வைத்த குடை மட்டும் இருந்தது.

டிரம்ஸ் தடுமாறி நின்றது. பக்கவாட்டுக் கதவைப் பார்த்தார்கள், மாடிப்படியைப் பார்த்தார்கள். அம்மா போனை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண் குரல் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு வெட்கமாகிப்போனது. பக்கத்து இருக்கையில் வைத்திருந்த தன் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

செயலர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அவருக்கு முன்னால் அறிவிப்பு வாசிக்கும் மைக் இருந்தது. “நடக்காததை நடந்ததா சொல்றது இந்தக் குடும்பத்துக்குப் புதுசில்ல.”

எல்லோருக்கும் கேட்டது. மேடையில் உட்கார்ந்திருந்த தங்கைக்கும் கேட்டது.  அடுத்ததாகப் பேச வேண்டியவள் அவள்தான். கையில் இருந்த தாள்களின் தலைப்பு ‘அசையாத விசுவாசம்’. ஒரு மாதமாக எழுதியது, கண்ணாடியைப் பார்த்து மனப்பாடம் செய்தது. அந்தத் தலைப்பை ஒருமுறை பார்த்தாள்.

தாள்களை மடித்து நாற்காலியில் போட்டுவிட்டு, வெறுங்கையோடு மைக்குக்கு வந்தாள்.

“ஸ்தோத்திரம். அண்ணன் வரல. ஆனா அம்மா பொய் சொல்லல. எங்க வீட்டு இலக்கணம் அப்படி.”

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது போதுமாக இருந்தது தங்கைக்கு. அப்பா உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு குளியலறைக்குள்ளிருந்து வந்துட்டேன் என்று கத்துவதைச் சொன்னாள். அதை நம்பி அம்மா சாப்பாட்டைப் பரிமாறி, அது ஆறி, பிறகு அம்மா கொதித்ததைச் சொன்னாள். இங்கே இருக்கிறவர்களில் கிளம்பாமலே வந்துட்டேன் என்று சொல்லாத பரிசுத்தவான் யாராவது உண்டா என்று கேட்டாள். பாடகர் குழுவின் பருத்த மனிதர் இரண்டு கைகளையும் தூக்கிச் சரணடைந்தார். சபை குலுங்கியது. சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்த செயலரின் தோள்கூட லேசாக ஆடியது என்கிறார்கள்.

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

“இன்னும் வராதவனை வந்துட்டான்னு சொல்ற பாஷை நம்ம பாஷை. நம்பிக்கையும் அந்தப் பாஷையிலதான் பேசுது. சொன்னவனைத் தெரியும், லேட்டானாலும் வருவான், அதனால கதவைத் தாழ்ப்பாள் போடாம வைக்கிறோம். எங்க அம்மா மூணு வருஷமா பக்கத்து சீட்ல கைப்பையை வெச்சு இடம் பிடிச்சுட்டு வர்றாங்க. கூட்டம் அதிகமான நாள்ல பையை எடுங்கன்னு நீங்க சண்டைகூடப் போட்டீங்க. அவங்க எடுக்கல. இந்த மேடையில நான் கேட்ட எந்தப் பிரசங்கத்தையும்விட அந்தப் பை எனக்கு அதிகமா சொல்லிக்கொடுத்தது.”

முன்வரிசையில் அம்மா குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த பெண் அந்தப் பையை அம்மாவின் மடியிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

“அசையாத விசுவாசம்னு தலைப்பு போட்டு எழுதிட்டு வந்தேன். எனக்கு அப்படி ஒண்ணு இல்ல. அப்பா போனதுலேர்ந்து பாதி நாள் ஜெபம் பண்றப்போ சுவத்தோட பேசற மாதிரிதான் இருக்கு.”

 இப்படி ஒரு வார்த்தையை அந்த மைக் கேட்டதே இல்லை. ஆனாலும் பேசுவதை நிறுத்தவில்லை என்றாள் தங்கை. வேதத்தில் பிள்ளைக்காக அழுத ஒரு தகப்பன், நம்புகிறேன் என்றும் நம்ப முடியவில்லை என்றும் ஒரே மூச்சில் சொன்னானே, அவனை யாரும் வெளியே அனுப்பவில்லையே என்றாள். சந்தேகப்படுகிறவன் வீட்டை விட்டுப் போனவன் இல்லை, வீட்டுக்குள்ளேயே நின்று சத்தமாகக் கேள்வி கேட்கிறவன் என்றாள். அவள் குரல் ஏற ஏற, நாற்காலிகளில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். வழக்கமாகப் பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூடக் கண் கொட்டவில்லை.

அவள் முடித்ததும் முதல் ஆமென் போதகரிடமிருந்து வந்தது. அதற்குப் பிறகு வந்த சத்தத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. ஒருத்தி அழுதுகொண்டே கைதட்டினாள். சிலர் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதற்கிடையில் அண்ணன் என்ன ஆனான்?

கட்டடக் காவலாளியைப் பிரேக் நெம்புகோலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தான் மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றினான். விரல் விரலாகப் பெட்டி இறங்கி மூன்றாம் மாடிக்கு நேராக வந்து நின்றது. கீழே ஓடி, சாவி போட்டுக் கதவைத் திறந்தான். வெளியே வந்த பெண் நன்றியெல்லாம் சொல்லவில்லை. அவன் தோளில் நாலு குத்து விட்டு, அப்படியே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெட்டி அசைந்தபோது நீங்கள்தான் என்று தெரிந்தது என்றாள்.

அண்ணன் அவளைத் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டு, இரண்டு தெருவையும் ஓடியே கடந்தான். ஆலயத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் அவன் வந்து நின்றபோது தங்கை வராதவனை வந்துட்டான் என்று சொல்லும் பாஷையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தாள். மீதி முழுவதையும் நின்றபடியே கேட்டான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

சோதனைப் பிரசங்கம் முடிந்தால் சபையார் கேள்வி கேட்கலாம். இளைஞன் ஒருவன், இனிமேல் எல்லாப் பிரசங்கமும் இவ்வளவு சீக்கிரம் முடியுமா என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினான். பிறகு செயலர் எழுந்தார். ஆட்டுக்கு வழி தெரியாவிட்டால் மேய்ப்பரிடம் போகும், மேய்ப்பருக்கே சந்தேகம் என்றால் மந்தை எங்கே போகும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தங்கை யோசித்து, தெரியாத வழியைத் தெரியும் என்று சொல்லும் மேய்ப்பரைவிட, தெரியவில்லை என்று சொல்லிக் கூடவே நடப்பவர் பின்னால்தான் நான் போவேன் ஐயா என்றாள். செயலர் திருப்தியில்லாமல் உட்கார்ந்தார்.

“நான் ஒண்ணு கேக்கலாமா?”

தூணுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். அம்மா திரும்பிப் பார்க்கும் முன்பே எழுந்துவிட்டாள். சபை முழுவதும் சலசலத்தது. டிரம்ஸ் வாசிப்பவர் இந்த முறை குச்சியைத் தொடவில்லை.

அண்ணன் முன்னால் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினான்.

“வந்துட்டேன்னு சொன்னவன் லேட்டானாலும் வருவான்னு சொன்னே. சரி. நான் இதே இடத்துல அப்பா பிழைச்சுட்டார்னு சொன்னேன். அது என்ன?”



தங்கையின் கண்ணில் நீர் முட்டியது. கையைத் தூக்குவதற்காக இங்கே இருநூறு பேர் காத்திருக்கிறார்கள், நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் போதும் என்பது அவளுக்குத் தெரியாதா? மோட்சத்தில் பிழைத்திருக்கிறார் என்று சொல்லலாம். அவள் படித்த படிப்பில் அதற்கு வசனம் இல்லாமலா போகும்?

“அப்பா ஏன் பிழைக்கலன்னு எனக்குத் தெரியாதுண்ணா” என்றாள். “வந்துட்டேன்னு சொல்ற உரிமை வர்றவனுக்குத்தான் இருக்கு. அன்னைக்கு நாம ஆசைப்பட்டதை ஆண்டவர் சொன்னதா நினைச்சுட்டோம். நீ மட்டும் இல்ல, நாம. நான் உன் பக்கத்துல நின்னு எல்லாரையும்விட சத்தமா ஆமென் சொன்னேன். இங்க இருக்கிற அத்தனை பேரும் சொன்னோம். அப்புறம் அப்பா போனதும் அந்தச் சாட்சியை உன் தலையில மட்டும் கட்டிட்டு, நாங்க வீட்டுக்குப் போயிட்டோம். அதுதான் தப்பு. அதுக்கு நான் மன்னிப்பு கேக்கிறேன்.”

அண்ணன் தூணைப் பிடித்திருந்த கையால் முகத்தை அழுத்தித் துடைத்தான். முன்வரிசையில் இருந்து ஒரு முதியவர் எழுந்து, திரும்பி நின்று, நானும் சொன்னேன் தம்பி என்றார். இன்னும் இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். செயலர் தன் காலணி முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போதகர் ஜெபித்தார். வாக்கெடுப்பு தொடங்கியது.

கைகள் எழுந்தன. செயலர் வரிசை வரிசையாக விரல் நீட்டி எண்ணினார். ஒருமுறை எண்ணி, நெற்றியைச் சுருக்கி, மறுபடி எண்ணினார். அம்மா தன் கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், கீழே விழுந்துவிடுமோ என்று. செயலர் போதகரிடம் போய் ஏதோ சொன்னார். போதகர் முகம் வாடியது. மைக்கில் செயலரே அறிவித்தார், ஒரே ஒரு கை குறைகிறது என்று.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தங்கை சிரிக்க முயன்றாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசித் தூணுக்குப் பக்கத்தில் ஒரு கை எழுந்தது. மசகெண்ணெய் அப்பிய கறுத்த கை.

சபையில் ஆரவாரம் கிளம்பியது. செயலர் கையமர்த்தினார். மூன்று வருடமாக வராதவர்களின் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்பது விதி, ஆனால் இந்தப் பெயரை எடுக்க இன்னும் தீர்மானம் போடவில்லை என்றார். அவர் நேர்மையான மனிதர், அதையும் மறைக்கவில்லை. பிறகு அண்ணனை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“தம்பி, கேக்க வேண்டியது என் கடமை. உங்களுக்கு விசுவாசம் இருக்கா?”

“அது எனக்கே தெரியல, ஐயா. இவ பொய் சொல்லமாட்டாங்கிறது தெரியும்.”

“அது போதாதே. நீங்க எந்தச் சபையைச் சேர்ந்தவர்னு நான் எழுதறது?”

அண்ணன் கையை இறக்கவில்லை.

“அன்னைக்கு எனக்கு ஆமென் சொல்லுச்சே ஒரு சபை, அதுன்னு எழுதுங்க.”

செயலர் போதகரைத் திரும்பிப் பார்த்தார். எண்ணுவது உங்கள் பொறுப்பு என்று போதகர் மெதுவாகச் சொன்னார். செயலர் தன் விரலை அந்தக் கையை நோக்கி நீட்டினார்.  எண்ணைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். என்ன எண் என்பது அடுத்த வாரம்.